அத்தர் கடை வாசலில்

ஷவ்கி கால்சராயை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, டாக்டரின் கட்டிலில் ஜம்மென்று படுத்துக்கொண்டார்.

“என் கால் வலி நெசந்தான்னு முத்திரை குத்தி எழுதிக் கொடுத்துடுங்க டாக்டர். வெளியில என் பொண்டாட்டி காத்துக்கிட்டிருக்கா.”

மனைவி தவ்லத் அவரோடு சரியாகப் பேசி மூன்று வாரமாகிறது. பேசினாலும் ஒரே பேச்சுதான். அலெக்சாண்ட்ரியாவில் எத்தனையோ கடை இருக்க, மாலை நடையில் அவர் மூச்சு வாங்க நிற்பது அந்த அத்தர் கடை வாசலில் மட்டும் ஏன்? கடைக்காரி நவால் கணவனை இழந்தவள். சிரித்தால் கன்னத்தில் குழி விழும்.

“டிராம் ஓட்டின காலத்துலகூட இவ்வளவு கச்சிதமா ஒரே எடத்துல நிறுத்தினதில்லையே நீங்க!”

கெண்டைக்காலைக் கயிறு போட்டு இறுக்குவதுபோல் வலிக்கிறது, இரண்டு நிமிடம் நின்றால் போய்விடுகிறது என்று சத்தியம் செய்தும் அவள் நம்பவில்லை. இருபது வருடமாக டாக்டர் வாசலை மிதிக்காத மனிதர், மானத்தைக் காக்க வந்துவிட்டார்.

டாக்டர் மெர்வத் முதலில் அவர் கையில் ரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு கணுக்காலில். கையில் நூற்றைம்பது, காலில் தொண்ணூறு.

“நீங்க சொன்னது நெசந்தான். கால் ரத்தக்குழாய் அடைச்சிருக்கு.”

ஷவ்கி ஜெயித்துவிட்ட சிரிப்போடு துள்ளி எழுந்தார்.

“உக்காருங்க. கால்ல அடைச்சா நெஞ்சையும் சும்மா விடாது.” வயது, சர்க்கரை, சிகரெட் எல்லாவற்றையும் கேட்டுக் கணக்குப் போட்டார். “உங்கள மாதிரி பத்துப் பேர்ல மூணு பேருக்குப் பத்து வருஷத்துக்குள்ள மாரடைப்பு வரலாம். சிகரெட்டை விட்டு, மாத்திரை போட்டு, தினம் நடந்தா அதைக் குறைக்கலாம்.”

ஷவ்கியின் சிரிப்பு வடிந்தது. பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேஜைமேல் கிடந்த தன் நோயாளிச் சீட்டைப் பார்த்தார்.

அதில் முன்பே யாரோ எழுதியிருந்தார்கள்.

‘இருநூறு அடி நடந்ததும் நின்றுவிடுகிறார். வலது கெண்டைக்கால். தூங்கும்போது தொட்டால் பாதம் சில்லென்றிருக்கிறது. கூப்பிட்டால் வரமாட்டார், வேறு வழியில் அழைத்து வருகிறேன். போனில் சொன்னவர்: மனைவி.’

தேதி ஆறு வாரத்துக்கு முந்தையது.

வெளியே தவ்லத் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு கையை நீட்டினாள். “பேப்பர் எங்கே?”

ஷவ்கி சிகரெட் பெட்டியை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

“எழுதித் தரமாட்டாங்களாம். தினமும் நீயே கூட நடந்து பாத்துக்கணுமாம்.”