கொலு ஊஞ்சல்

எல்லாரும் சௌக்கியந்தானே? இந்தக் கூத்தைக் கேளுங்கோ.

மாமியாரின் பழைய பொம்மை ஊஞ்சல் ஓர்ப்படி ஜானவிக்குப் போனதில் பத்மப்ரியாவுக்கு வயிற்றெரிச்சல். கொலுவுக்கென்று அதை இரவல் வாங்கி வந்தாள். ஆரியசாலைக் கடைத்தெருவில் பெயின்ட் அடிக்காத புது மர ஊஞ்சல் ஒன்றை வாங்கி, உப்புத்தாளால் முனைகளைத் தேய்த்து, காப்பி டிகாஷன் பூசி, நூறு வருஷப் பழசாக்கினாள். கொலு முடிந்ததும் அதைத்தான் திருப்பிக் கொடுத்தாள்.

“இந்தா, பிடி உன் சொத்தை! இரவல் குடுக்கறதுக்கே மூஞ்சியைத் தூக்கிண்டவளாச்சே நீ!”

ஜானவி ஊஞ்சலை முகர்ந்து பார்த்தாள்.

“காப்பியா மன்னி? நான் உங்களுக்குக் குடுத்ததுக்குத் தேயிலைத் தண்ணிதான் பூசினேன். அசல் என் பீரோவை விட்டு நகரவே இல்லை.”

உங்காத்து ஓர்ப்படி சண்டையையும் எழுதுங்கோ, படிக்கறேன்.