தூசிப் பை

நின்றபடியே தள்ளும் பழைய வாக்குவம் கிளீனரை வாசலில் போட்டு, இரண்டு மணி நேரமாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். சங்கராபுரத்து ரைஸ்மில்காரர் வீட்டில் வேலை செய்தபோது அம்மா தள்ளியது. பழைய சாமான் கடையில் அடையாளம் கண்டு அவளே தூக்கி வந்தாள். விளக்கு வைத்த பிறகு துடைப்பம் எடுத்தால் லட்சுமி போய்விடுவாள் என்று அந்த வீட்டில் மாலையில் இதைத்தான் ஓட்டுவார்கள். போன வருடம் ஒற்றைக் கம்மல் காணவில்லை என்று அம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அந்தப் பேச்சு வந்தால் நான் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. "பிசிக்ஸு படிச்சவளே, ரிப்பேர் பண்றியா, ஒடைச்சிக்கினு இருக்கியா?" கடலை உரித்தபடி சிரிக்கிறாள். துணிப் பையை முறத்தில் உதறுகிறேன். சாம்பல் நிறத் தூசி, சுருண்ட முடி, நாலைந்து அரிசி. அவற்றுக்கு நடுவே, வெயில் பட்டு மின்னும், சிவப்புக் கல் வைத்த ஒற்றைக் கம்மல். அம்மாவின் கைகள் நின்றுவிடுகின்றன. மடியிலிருந்து கடலைத் தோல் சரிகிறது.

"இப்பவே போய் அவங்க கையில குடுக்கலாம்மா. உன்னப் போய் சந்தேகப்பட்டாங்களே..."

"அவங்கள வுடு மலரு." கம்மலை முந்தானையில் மெதுவாகத் துடைக்கிறாள். "வேல போன அன்னிக்கி ராத்திரி நீ என் சுருக்குப் பைய அவுத்துப் பாத்த. நான் முழிச்சிக்கினுதான் இருந்தேன்."