ஆண்ட்ரோமீடாவைப் பார்த்தவர்கள்

டிசம்பர் 30, திங்கள். இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். ஆண்ட்ரோமீடா கேலக்ஸி இருபத்தைந்து லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. நான் இருபத்தைந்தாயிரம் என்று சொல்லிவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை, எனக்குத்தான் உறுத்துகிறது.

எலப்புள்ளி நூலகத்தின் மொட்டை மாடியில் டெலஸ்கோப்பை வைத்திருந்தேன். கேலக்ஸிகளைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்கிறேன். ஆனால் சொந்த ஊரில் நாலு பேருக்கு அதை விளங்கவைக்க முடியுமா என்பது சந்தேகம். ஊராருக்குப் பிடித்தால்தான் வாரம் ஒரு மாலை வகுப்புக்கு இடம் என்று நூலகச் செயலாளர் ஈஸ்வரன் மாமா சொல்லியிருந்தார்.

ஆரம்பமே சரியில்லை.

"இதுக்கா அம்மிணி இத்தன வருசம் படிச்சே? வெறும் பஞ்சாட்ட இருக்குது" என்றார் வரிசையில் முதலில் பார்த்த சென்னிமலை.

"ஒரு கலரும் இல்லியே! போன்ல எப்புடி மின்னுது!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"மங்கலாத்தானுங்க இருக்கும். கண்ணு நல்லா இருக்கறவங்க பொறுமையாப் பாத்தா பஞ்சு தெரியுமுங்க" என்று கெஞ்சினேன்.

அப்போது பார்த்துத் தூறல். டெலஸ்கோப்பின் வாயை மூடிவிட்டு எல்லோரும் கீழே ஓடினோம். பத்து நிமிடத்தில் வானம் தெளிந்தது. வரிசை மறுபடி நகர்ந்தது.

அதன்பிறகு ஒரு குறையும் இல்லை. "ஆமாங்க, பஞ்சேதான்!" "அட, என்ன அழகு!" கற்பகம் டீச்சர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்து, "தெளிவாத் தெரியுதும்மா" என்றார். கடைசியாக ஈஸ்வரன் மாமா ஒரு கண்ணால் பார்த்தார், பிறகு மறு கண்ணால் பார்த்தார். "பிரமாதம். தை பொறந்ததும் கிளாஸ ஆரம்பிச்சுரு!"

சாமான்களைக் கட்டும்போதுதான் கையில் தட்டியது. டெலஸ்கோப்பின் மூடி. தூறலுக்குப் பிறகு நான் அதை எடுக்கவே இல்லை.

என் மனம் நோகக் கூடாதென்று ஊரே பொய் சொல்லியிருக்கிறது! அப்படிக் கிடைக்கும் வகுப்பு எனக்கு வேண்டாம். படிகளில் இறங்கி ஓடினேன். மாமா ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒண்ணு சொல்லோணுங்க..."

"அப்பறம் சொல்லு அம்மிணி. நாளைக்கு வெடியால கண்ணாஸ்பத்திரிக்குப் போவோணும்."

"ஏனுங்க மாமா?"

அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "யாருகிட்டயும் சொல்லிப்போடாத. அத்தன பேருத்துக்கும் தெரியற பஞ்சு எனக்கு மட்டும் தெரியல. ரெண்டு கண்ணும் போச்சாட்ட இருக்குது. ஆஸ்பத்திரிக்குப் போற ஜீப்புக்காரனுக்கு இப்பத்தான் போன் பண்ணுனேன். என்னமோ தெரியல, அதுக்குள்ள ஜீப்புல எடமில்லைங்கறான்!"

நாளை செய்ய வேண்டியது: ஜீப் கிளம்புவதற்கு முன் போய் எல்லோரையும் இறக்கிவிடுவது.