கூடு வைத்த இடம்

சண்டை முடிந்த வருஷம், மருதமுனையில் முத்தலிபின் வளவுக்குள் இருந்த மீன்குளத்தில் திலாப்பியா கண்டபடி பெருகிவிட்டது. தீனி போதாமல் எதுவும் விரல் நீளத்துக்கு மேல் வளரவில்லை. மீன் பிடிக்கும் கம்பிக் கூடு வைத்துக் குஞ்சுகளைப் பிடித்தெடுத்தால்தான் மிச்சம் தேறும்.

அதற்கு அவர் கூப்பிட்ட ஆள், பெரியநீலாவணை பாலம்மா. பிடிபடும் மீன் முழுக்க அவளுக்கே என்றார்.

முத்தலிபின் மனைவி றஹீமாவுக்குப் பொறுக்கவில்லை. பாலம்மா ஒரு காலத்தில் வாவியில் இறால் பிடித்தவள்தான். ஆனால் சுனாமி அவளை இழுத்துப்போய்த் தென்னையில் சாத்திவிட்டுப் போனதிலிருந்து, அவள் தண்ணீரில் கால் வைப்பதில்லை.

முதலில் கூடு கரையோரம் இருந்தது. பாலம்மா திருக்கோவில் முருகனை உரக்கக் கூப்பிட்டபடி கணுக்கால் நனைய இறங்கி, கூட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

அடுத்த வாரம் முத்தலிப் கூட்டை முழங்காலளவு தண்ணீருக்குத் தள்ளி வைத்தார். பிறகு தொடையளவுக்கு.

"அந்த மனிசி நடுங்குறா. நீங்களே எடுத்துக் குடுத்தா என்ன?" என்றாள் றஹீமா.

"மீன் ஆழத்துக்குப் போகுது. நான் என்ன செய்ய?"

பிடிபடும் மீனோ நாளுக்கு நாள் குறைந்தது. அப்படியும் கூடு இடுப்பளவுக்குப் போனது. றஹீமா புருஷனோடு முகம் கொடுத்துக் கதைப்பதையே விட்டுவிட்டாள்.

பாலம்மா மட்டும் முருகனைக் கூப்பிடுவதை எப்போதோ மறந்திருந்தாள். இடுப்பளவு தண்ணீரில் நின்றபடியே, கரையில் இருந்த றஹீமாவிடம் மகள் தக்சாயினியின் குறும்புகளைச் சொல்லிச் சிரித்தாள்.

ஒரு காலை அவள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

"விரட்டிட்டீங்க. இப்ப சந்தோஷமா?"

முத்தலிப் சோற்றைப் பிசைந்தார்.

வெள்ளிக்கிழமை பாலம்மா ஒரு சட்டியோடு வந்தாள். உள்ளே இறால் துள்ளிக்கொண்டிருந்தது. மச்சாளோடு வாவியில் இறங்கியதையும், பிடித்ததைக் கல்முனைச் சந்தையில் விற்றதையும் மூச்சுவிடாமல் சொன்னாள். சட்டியை றஹீமாவின் கையில் கொடுத்துவிட்டு, முத்தலிபிடம் தயங்கினாள்.

"சொல்லாமப் போயிட்டன் காக்கா. கோவிக்காதீங்க. கூட்ட இனி ஆரு எடுப்பாங்க?"

முத்தலிப் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குளத்தில் இறங்கினார். கூட்டைத் தூக்கிவந்து கரையோரம் வைத்தார்.

"நானே எடுப்பன் தங்கச்சி. குஞ்சு மீன் எப்பவும் கரையிலதானே நிக்கும்."