முட்டை எந்தக் கோர்ட்டுக்கு?

குளக்கரையில் வாத்து இட்டுவிட்டுப் போன முட்டையைக் கோழி அடைகாத்தது. குஞ்சு பொரிக்கும் சமயத்தில் வாத்து திரும்பி வந்தது.

"என் முட்டையைக் கொடுத்துவிடு அக்கா."

"இட்டதும் நீச்சலடிக்கப் போய்விட்டாய். இத்தனை நாள் சூடு கொடுத்தவள் நானடி!"

இரண்டும் குளத்து நீதிபதியான ஆமையிடம் போயின. "கோழி என் எல்லையில் வசிக்கவில்லையே" என்று ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. கரைக்கு நீதிபதி ஆடு. "வாத்து தண்ணீரில் வசிப்பது. எனக்கு அதிகாரமில்லை" என்று சொல்லிவிட்டுத் தழையை மென்றது.

நீரில் இருப்பவருக்கும் நிலத்தில் இருப்பவருக்கும் வழக்கென்றால் பெரிய கோர்ட்டுதான் விசாரிக்கும். அதன் நீதிபதி நாரை, ஒரு கால் தண்ணீரிலும் ஒரு கால் சேற்றிலுமாக நின்றிருந்தது.

"முட்டை எங்கே?"

கோழி முட்டையை உருட்டி வந்தது.

"பார்த்து, அக்கா!" என்று வாத்து பதறியது.

"எனக்குத் தெரியாதா?"

அப்போதே ஓடு உடைந்து மஞ்சள் குஞ்சு வெளியே வந்தது. நேரே தண்ணீரில் குதித்து, வாத்தைச் சுற்றி நீந்தியது. பிறகு நடுங்கிக்கொண்டே கரையேறி, கோழியின் இறக்கைக்குள் புகுந்துகொண்டது.

"தண்ணீரில் வாத்தின் பிள்ளை, கரையில் கோழியின் பிள்ளை" என்றது நாரை.

வேடிக்கை பார்க்க வந்திருந்த ஆமை, "என் குளத்தில் நீந்தியது, என் எல்லைப் பிள்ளை!" என்றது.

"பிறந்தது என் கரையில் ஐயா!" என்றது ஆடு.

நாரை சிரித்தபடி அந்த வழக்கையும் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. குஞ்சு அதற்குள் மறுபடியும் தண்ணீரில் குதித்துவிட்டது.