தமிழ் பேசும் வில்லாளி

மழை விட்ட மதியம். ஜன்னல் வெளிச்சம் தண்ணீர் கலந்த பாலாய் மேசைமேல் கிடக்கிறது. பழைய கம்ப்யூட்டர் பெருமூச்சு விட, திரையில் நீலப் பட்டை ஆமையாய் நகர்கிறது. கல்லூரி நாட்களில் கணவன் உருகி உருகி விளையாடிய வாள்சண்டை விளையாட்டை இனித் தமிழில் பேசவைக்கப்போகிற பேட்ச் நிரல் அது. அவனே உயிரைக் கொடுத்து எழுதியது. முதல் ஆளாக விளையாடிப் பார்க்க மனைவி உட்கார்ந்திருக்கிறாள், தலை துவட்டிய துண்டு இன்னும் தோளில். அவன் அவளுடைய நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, விடைத்தாள் கொடுத்த பையனைப்போல நிற்கிறான். பட்டை நிறைகிறது. புள்ளி புள்ளியாய் ஒரு காடு விரிகிறது, நடுவில் தீ எரிகிறது. வில்லாளிப் பெண் வீரனைப் பார்த்து, “உங்களுக்குக் காயம் ஆறிடுச்சா?” என்கிறாள்.

மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. “என்னங்க இது? காடு மலையெல்லாம் கூடவே அலைஞ்சு அடிபட்டவ, இன்னும் ‘உங்களுக்கு’ன்னா பேசுவா?”

“‘நீ’, ‘நீங்க’, இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான். அவ எந்த இடத்துல ‘நீ’ன்னு கூப்பிட ஆரம்பிப்பான்னு எனக்குப் பிடிபடலை” என்கிறான் அவன்.

அவள் தீயையே பார்க்கிறாள். அதன் செம்மஞ்சள் அவள் கன்னத்தில் அசைகிறது. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கும் அவன் ‘நீங்க’தான், கோபத்தில்கூட. “இங்கதான்” என்று திரையைத் தொடுகிறாள். “இந்த இடத்துல மாத்திடு நீ.”

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுகிறது. அவன் மெல்லக் குனிந்து கீபோர்டை இழுத்துக்கொள்கிறான்.

“எப்படி? இன்னொரு தடவை சொல்லு.”