வெள்ளைப் பருத்தி, கைத்தையல்

நூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்கா முழுவதும் சீனாவில் தைக்கப்பட்டு, பிளாஸ்டிக் உறையில் மடிப்புக் கலையாமல் எங்கள் பள்ளிக்கூட ஹாலில் வந்து இறங்கியிருந்தது.

எட்டாம் வகுப்புப் பெண்களுக்குக் குஞ்சம் தொங்கும் கவுன், தலைப்பட்டையில் ஒரு கோழி இறகு. பொம்மைத் துப்பாக்கிகூடக் கூடாது என்பது பள்ளி விதி. அதனால் பையன்கள் உள்ளே துப்பாக்கியை ஒளித்து வைத்த மாதிரி ஆளுக்கொரு வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரவுடி மாதிரி முறைத்தார்கள். கள்ளச் சாராயத்துக்குப் பதில் திராட்சை ஜூஸ்.

நான் இசை ஆசிரியன். இந்த மாதிரி நாளில்தான் என்னை யாருக்காவது ஞாபகம் வரும். மேடைக்குக் கீழே பியானோ, அதில் காலையிலிருந்து அதே சார்ல்ஸ்டன் ஆட்டத்து மெட்டு. விரல் வீங்கியதுதான் மிச்சம்.

எல்லாம் வரலாற்று டீச்சர் மிஸஸ் ஹன்ட்சிங்கரின் ஏற்பாடு. ஒரு மாதமாக 1920களை நடத்துகிறார். அந்த அம்மாவின் பாடத்தில் அப்போது யாரும் வேலைக்கே போகவில்லை. எல்லோரும் முத்துமாலை போட்டுக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

மேடைத் திரையில் அவருடைய கொள்ளுத்தாத்தா ஹார்லன், வைக்கோல் தொப்பியும் வெள்ளை சூட்டுமாகச் சிரித்தார். அவர் துணியில் ஒரு பொட்டு அழுக்கை யாரும் பார்த்ததில்லையாம். இதைச் சொல்லாமல் அந்த அம்மா ஒரு வகுப்பையும் முடித்ததில்லை.

கேண்ட்ரா பெட்டிஃபோர்டுக்கு மட்டும் முதலில் மேடையில் இடம் இல்லை. அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் கறுப்பினப் பெண். உங்கள் வீட்டில் அந்தக் காலத்து சாமான் எதுவும் இருக்காதே என்று மிகவும் பரிவோடு சொல்லி, வாசலில் நின்று வருகிறவர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டும் வேலையைக் கொடுத்திருந்தார் டீச்சர். அதுவும் அந்தக் காலத்து வேலைதானாம்.

கேண்ட்ராவுக்கு மேடை ஏற ஆசை. ஒத்திகை நேரத்தில் பியானோவுக்குப் பின்னால் நின்று தனியாக அடி வைத்துப் பார்ப்பாள். மேடையில் ஆடியவர்களைவிட நன்றாகவே ஆடினாள்.

போன வாரம் அவளே நேராகப் போய், எங்கள் வீட்டில் அசல் உடுப்பு ஒன்று இருக்கிறது என்றாள். வெள்ளைப் பருத்தி, கைத்தையல், 1924.

மிஸஸ் ஹன்ட்சிங்கருக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாண கவுனாகத்தான் இருக்கும் என்று அவரே முடிவு கட்டினார். உள்ளூர்ப் பத்திரிகைக்காரரை வரவழைத்தார். கேண்ட்ராவைக் கடைசியாக, கௌரவ இடத்தில் வைத்தார். முன்கூட்டிப் பிரித்துப் பார்க்கலாமே என்று கேட்டேன். மேடையில் பிரித்தால்தான் ஆச்சரியம் போட்டோவில் நன்றாக விழும் என்றார்.

நன்றாகத்தான் விழுந்தது.

கேண்ட்ரா தினமும் போடும் ஜீன்ஸில் வந்தாள். இரண்டு கையாலும் ஏந்திய ஒரு பழுப்புக் காகிதப் பொட்டலம். அவ்வளவு ஆசைப்பட்ட மேடையில் அவள் ஆடவில்லை, நடந்து வந்தாள். நான்தான் மடையன் மாதிரி சார்ல்ஸ்டன் வாசித்துக்கொண்டிருந்தேன்.

டீச்சர் மைக்கில் 'வெள்ளைப் பருத்தி, கைத்தையல், 1924' என்று அட்டையைப் படித்துவிட்டுக் காகிதத்தைப் பிரித்தார். உடுப்பை உயரத் தூக்கிக் காட்டினார். கஞ்சி போட்டு மொடமொடவென்று, நீளமான வெள்ளை அங்கி. ஹாலே கை தட்டியது.

அதன் மடிப்பிலிருந்து ஒரு கூம்புத் தொப்பி கீழே விழுந்தது. முகத்தை மூடுகிற தொப்பி. கண்ணுக்கு இரண்டு ஓட்டை.

எங்கள் இண்டியானா மாநிலத்தில் அது என்னவென்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கறுப்பர்களை மிரட்ட அவர்கள் வீட்டு வாசலில் சிலுவையைக் கொளுத்தப் போன வெள்ளை நிறவெறிக் கூட்டத்தார் போட்டுக்கொண்ட உடுப்பு. குஞ்சம் வைத்த கவுனை இந்த ஊரில் எத்தனை பேர் போட்டார்களோ தெரியாது. இதை ஊரில் பாதிப் பேர் போட்டார்கள். பாடத்தில்தான் வரவில்லை.

கைதட்டல் வரிசை வரிசையாக நின்றது. நானும் பியானோவிலிருந்து கையை எடுத்தேன். பத்திரிகைக்காரர் மட்டும் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்.

மிஸஸ் ஹன்ட்சிங்கர் அங்கியை இறக்கவும் மறந்து, மைக்கையும் மறந்து, தணிந்த குரலில் சொன்னார்.

"நம்ம ஊர்ல இதெல்லாம் இருந்ததே இல்லையே கண்ணு. யாரோ வெளியூர்க்காரன் விட்டுட்டுப் போனதா இருக்கும்."

ஸ்பீக்கர் அதை ஹால் முழுக்கச் சொன்னது.

கேண்ட்ரா குனிந்து தொப்பியை எடுத்தாள். தூசு தட்டி, டீச்சர் கையில் வைத்தாள்.

"எங்க வீட்ல அப்போ லாண்டரி வெச்சிருந்தாங்க டீச்சர். அழுக்கெல்லாம் போக வெளுத்து, தேய்ச்சு எடுத்து வெச்சாங்க. உங்க வீட்லேர்ந்துதான் யாரும் வாங்க வரல."

காலரின் உள்பக்கம், சலவையில் மாறிப்போகாமல் இருக்க, சிவப்பு நூலில் பெயர் தைத்திருந்தது. டீச்சர் அதைப் படித்தார். அதை மட்டும் மைக்கில் படிக்கவில்லை.

ஹாலில் எல்லோருக்கும் சட்டென்று வீட்டில் வேலை இருப்பது ஞாபகம் வந்தது. கேண்ட்ரா வாசலுக்குப் போய்த் தன் பழைய இடத்தில் நின்றாள்.

கோட்டுகளை மட்டும் ஒருவர் விடாமல் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.